தோள்பட்டைச் சுழல்தசைக் கிழிசல்: அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய மீட்சி

தோள்பட்டைச் சுழல்தசைத் தொகுதி (ரோட்டேட்டர் கஃப்) என்பது தோள் எலும்பிலிருந்து புறப்பட்டு மேற்கை எலும்பின் தலையைச் சூழ்ந்து பற்றியிருக்கும் நான்கு தசைகளும் அவற்றின் தசைநாண்களும் சேர்ந்த அமைப்பாகும். இது கையை உயர்த்தவும் சுழற்றவும் உதவுவதுடன், பந்துக்கிண்ண மூட்டில் எலும்பின் தலையை நிலையாக நிறுத்துகிறது. இத்தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்தால், நங்கூரம் எனப்படும் சிறு பிடிப்பான்கள், நூல் ஆகியவற்றின் துணையுடன் அதை மீண்டும் எலும்போடு பிணைப்பர். பாஸ்டன் மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் இத்தகைய சிகிச்சை குறித்து 1911இல் எழுதினார். இன்று பெரும்பாலும் மூட்டு உள்நோக்கி மூலம் சிறு துளைகள் வழியாகவே இது செய்யப்படுகிறது.

மீட்சியின் கட்டங்கள்

பொதுவாக முதல் 4 முதல் 6 வாரங்கள் வரை கை தூளியில் இருக்கும். அப்போது பிறர் உதவியால் மட்டுமே தோள் அசைக்கப்படும். ஏறத்தாழ 6 வாரங்களுக்குப் பின் நோயாளி தாமே கையை உயர்த்தத் தொடங்குவார். வலுவூட்டும் பயிற்சிகள் சுமார் 12 வாரங்களுக்குப் பின்னரே தொடங்கும். முழுப் பயன்பாட்டுக்குத் திரும்ப 6 முதல் 12 மாதங்கள் ஆகலாம்.

இந்தக் காத்திருப்புக்குக் காரணம் உண்டு. வலி குறையும் வேகத்தில் தசைநாண் எலும்போடு ஒட்டுவதில்லை. இயல்பான இணைப்பில் தசைநாணுக்கும் எலும்புக்கும் இடையே குருத்தெலும்பு அடுக்குகள் உள்ளன. சிகிச்சைக்குப் பின் அங்கே உருவாவது பெரும்பாலும் வலுக் குறைந்த தழும்புத் திசுவே. எனவே வலி நின்றதும் சுமை தூக்குவோருக்கு இணைப்பு மீண்டும் கிழியும் ஆபத்து உள்ளது.

மறுகிழிசலும் பலனும்

வலி குறைவதும் தசைநாண் ஒட்டுவதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் காலாட்ஸ் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய கிழிசல்கள் சீரமைக்கப்பட்ட 18 பேரில் 17 பேருக்கு மீண்டும் கிழிசல் இருப்பது மீயொலிப் படத்தில் தெரிந்தது. ஆயினும் ஓராண்டு முடிவில் அவர்களுள் பெரும்பாலோர் வலி குறைந்து நல்ல நிலையில் இருந்தனர். இரண்டாம் ஆண்டில் அப்பலன் ஓரளவு குறைந்தது. பொதுவாக, தசைநாண் நன்கு ஒட்டியவர்களுக்கே கையின் வலு கூடுதலாகத் திரும்புகிறது.

முடிவைத் தீர்மானிப்பவை

நோயாளியின் வயது, கிழிசலின் அளவு, தசையில் கொழுப்பு படிந்திருத்தல், புகைபிடித்தல், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு ஆகியவை ஒட்டுதலைப் பாதிக்கின்றன. பிரான்சில் பாஸ்கல் புவாலோ குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 65 நோயாளிகளில் 71 விழுக்காட்டினருக்குத் தசைநாண் முழுமையாக ஒட்டியது; 65 வயதைக் கடந்தோரிடம் இது 43 விழுக்காடாக இருந்தது. தசையில் படிந்த கொழுப்பு சிகிச்சைக்குப் பின்னும் பெரும்பாலும் மறைவதில்லை. ஆகவே விபத்தால் நேரும் பெரிய கிழிசல்களில் நெடுநாள் தாமதம் நல்லதல்ல.

மாறாக, வயதானோருக்குத் தேய்மானத்தால் ஏற்படும் சிறு கிழிசல்களில் இயன்முறைப் பயிற்சியே பலருக்குப் போதிய பலன் தருகிறது. 2014இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்றில், 55 வயதுக்கு மேற்பட்டோரின் இத்தகைய கிழிசல்களுக்கு, ஓராண்டு முடிவில் அறுவைச் சிகிச்சை பயிற்சியைவிடக் குறிப்பிடத்தக்க கூடுதல் பலன் எதையும் தரவில்லை. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் மீட்சியின் பெரும்பகுதி, பின்தொடரும் மாதங்களில் ஒழுங்காகச் செய்யும் பயிற்சியையே சார்ந்துள்ளது.