பாராட்டா, பழியா?
வணிகர் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய சில ஆங்கிலச் சொற்கள்

கம்பெனி சேல்ஸ் மேனேஜர் கடைக்கு வருகிறார். "சார், இந்த ஏரியாவிலேயே நீங்கதான் அம்பிஷியஸ் டீலர்" என்கிறார். அடுத்த வாரம் நாம் கேட்காத பத்துப் பெட்டி சரக்கு வந்து இறங்குகிறது. அதே வியாபாரியின் கடன் மனுவைப் பார்க்கும் வங்கி மேலாளரோ, "கொஞ்சம் ஓவர் அம்பிஷியஸாகத் தெரிகிறதே" என்று இழுக்கிறார். ஒரே சொல் ஓரிடத்தில் சரக்கை ஏற்றுகிறது. இன்னோரிடத்தில் கடனை நிறுத்துகிறது. சரக்கை எடைபோட்டு வாங்கும் நாம், இத்தகைய சொற்களையும் எடைபோட்டே வாங்க வேண்டும்.

அம்பிஷியஸ்

இதன் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. 'சுற்றி வருதல்' என்பது அதன் பொருள். பழைய ரோமாபுரியில் பதவிக்கு நின்றவர்கள் வாக்குக் கேட்டு ஊரைச் சுற்றி வந்ததிலிருந்து பிறந்தது. உயர வேண்டும் என்ற வேட்கை உடையவர் என்று தமிழில் சொல்லலாம். பேராசைக்காரர் என்று கொள்வது தவறு. அதற்கு 'கிரீடி' என்ற தனிச்சொல் உண்டு. ஆனால் முன்னால் 'ஓவர்' சேர்ந்துவிட்டால், அது நாம் சொல்லும் 'அகலக்கால்' ஆகிவிடும்.

அகலக்காலுக்கு நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 1997-ல் திருவான்மியூரில் முதல் கடையைத் திறந்தது சுபிக்ஷா. குறைந்த விலை என்ற ஒரே முழக்கத்தோடு மளிகை, மருந்து, காய்கறி, செல்போன் என்று விரிந்து, நாடு முழுவதும் சுமார் 1,600 கடைகள் வரை வளர்ந்தது. கையில் ரொக்கம் வற்றியதும் 2009-ல் அத்தனையும் மூடப்பட்டன. வாடிக்கையாளர் வரவில்லை என்பதல்ல காரணம். கடைகள் பெருகிய வேகத்துக்கு முதல் ஈடுகொடுக்கவில்லை.

டிரைவன், கோ-கெட்டர்

பிறர் தள்ளாமல், உள்ளிருந்தே உந்தப்படுகிறவர் 'டிரைவன்'. வசந்த் அண்ட் கோ நிறுவனர் ஹெச். வசந்தகுமாரை இச்சொல்லுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்தவர், 1978-ல் தியாகராய நகரில் சொந்தக் கடை தொடங்கினார். தவணையில் பொருள் தந்து தமிழகமெங்கும் கிளை பரப்பினார். 2019-ல் கன்னியாகுமரி நாடாளுமன்ற உறுப்பினரானார். 2020-ல் மறைந்தார்.

'கோ-கெட்டர்' என்பது போன காரியத்தை முடித்துக்கொண்டு வருபவர். வசூலுக்கு அனுப்பும் பையனை அப்படிச் சொன்னால் அது நல்ல பாராட்டு.

அக்ரெஸிவ்

ஆள் மாறினால் பொருள் மாறும் சொல் இது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பற்றி ஆசிரியர் சொன்னால், முரடன் என்று பொருள். டீலர் மீட்டிங்கில் சொன்னால், முனைந்து விற்கிறவர் என்று பொருள். கைதட்டுவதற்கு முன் டார்கெட் தொகையைப் பார்த்துவிடுங்கள். 'அக்ரெஸிவ் டார்கெட்' என்றால் எட்டுவதற்குக் கடினமான இலக்கு என்பதே உட்பொருள்.

காம்பெட்டிட்டிவ், பிரிடேட்டரி

'காம்பெட்டிட்டிவ்' என்றால் போட்டிக்கு ஈடுகொடுக்கிறவர். இதில் குறையில்லை. 'கட்-த்ரோட்' என்றால் கழுத்தறுப்புப் போட்டி. 'பிரிடேட்டரி' அதற்கும் ஒரு படி மேல்; இரைதேடிப் பாயும் விலங்கின் குணம்.

இந்தக் கடைசிச் சொல் நமக்கு மிகவும் வேண்டியது, ஏனெனில் அது சட்டத்திலேயே இருக்கிறது. 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம் 4-வது பிரிவின்படி, சந்தையில் ஆதிக்கம் பெற்ற நிறுவனம், போட்டியைக் குறைக்கவோ போட்டியாளரை ஒழிக்கவோ அடக்கத்துக்கும் கீழே விற்றால் அது குற்றச்சாட்டுக்கு உரியது. இந்தியப் போட்டி ஆணையத்தில் முறையிடலாம். எதிர்க்கடைக்காரர் பருப்பைக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்து விற்பது இதில் வராது. அது வெறும் காம்பெட்டிஷன். மனுவில் தவறான சொல்லைப் போட்டால் வழக்கே நிற்காது.

ரைவல்

கடைசியாக ஓர் அருமையான சொல். ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கும் இரண்டு நிலக்காரர்களுக்கு லத்தீனில் வழங்கிய பெயரே 'ரைவல்' ஆயிற்று. தண்ணீரைப் பகிர்ந்தவர்கள்தான் தண்ணீருக்காகச் சண்டையிட்டார்கள். நம் தமிழில் 'பங்காளி' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். பங்கு உடையவன் பங்காளி. பகைக்குப் பெயரோ 'பங்காளிக் காய்ச்சல்'!

ஆனால் பனகல் பூங்காவைச் சுற்றிப் பாருங்கள். 1928-ல் நல்லி அங்கே கடை தொடங்கியது. பின்னர் குமரன், ஆர்.எம்.கே.வி., போத்தீஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டுக்கடைகள் வந்தன. ஒருவர் வாடிக்கையை ஒருவர் இழுக்கத்தான் செய்கிறார்கள். ஆயினும் கல்யாணப் புடவைக்கு வெளியூர்க் குடும்பம் தி.நகருக்குப் பேருந்து ஏறுவது, எல்லாக் கடையும் ஓரிடத்தில் இருப்பதால்தான். ஓடையில் தண்ணீர் வருவதற்கே அந்த ரைவல்கள் காரணம். மயிலாப்பூர் மாடவீதிக்கும் இது பொருந்தும்.

ஆகவே, வணிக அன்பர்களே, இத்தகைய சொல்லைக் கேட்டவுடன் மகிழவும் வேண்டாம், கோபிக்கவும் வேண்டாம். சொல்பவர் விற்க வந்தவரா, கடன் தருபவரா, பக்கத்துக் கடைக்காரரா என்று முதலில் பாருங்கள். பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.