சேற்றில் எழுதப்படும் பேரேடு

ஆண்டு முடிவில் ஒரு வணிகருக்கு லாபமா நட்டமா என்று கணிக்க வேண்டுமாயின், ஆண்டின் முதல் நாளில் அவரிடம் இருந்த கையிருப்பு தெரிந்திருக்க வேண்டும். தொடக்க இருப்பு இல்லாத பேரேட்டில் எத்தனை பக்கங்கள் எழுதினாலும் கணக்கு நேராகாது. கணக்கரின் இந்த எளிய விதி இன்று கடலுக்கும் பொருந்துகிறது. கடலோரச் சேற்றில் நெகிழித் துகள்களை எண்ணும் ஆய்வாளர்கள் செய்வதும் ஒருவகையில் தொடக்க இருப்பை எழுதும் பணியே ஆகும்.

கடலில்லா நகரின் கடற்பணி

ஐதராபாத் நகரம் தக்காணப் பீடபூமியில், கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்துள்ளது. ஆயினும் நாட்டின் மீனவர்களுக்கு மீன்வளம் மிகுந்த பகுதிகளைச் சுட்டிக்காட்டும் அறிவிப்புகளும், சுனாமி எச்சரிக்கையும் இந்நகரிலிருந்தே செல்கின்றன. இவற்றை வெளியிடுவது, 1999ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ்.

நகருக்கும் கடலுக்கும் மற்றுமொரு தொடர்பு உண்டு. ஐதராபாத்தின் நடுவே ஓடும் மூசி ஆறு, நல்கொண்டா மாவட்டத்து வாடபள்ளியில் கிருஷ்ணாவோடு கலக்கிறது. கிருஷ்ணா ஆந்திரக் கரையில் வங்கக் கடலை அடைகிறது. மூசியில் எறியப்படும் ஒவ்வொரு பையும் கடல் சேரும் என்று கூறிவிட இயலாது. வழியில் புலிச்சிந்தல அணையும், விஜயவாடாவில் பிரகாசம் தடுப்பணையும் குறுக்கே நிற்கின்றன. ஆனால் வெயிலில் காய்ந்து, நீரில் உராய்ந்து நொறுங்கிய துகளுக்கு அணைகள் முழுத் தடையாகா. வெள்ளக் காலத்தில் வண்டலோடு வண்டலாக அதுவும் பயணம் செய்யும்.

5 மில்லிமீட்டருக்கும் குறைவான இத்தகைய துகள்களையே நுண்நெகிழி என்கிறோம். 2004ஆம் ஆண்டில் பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக அறிஞர் ரிச்சர்டு தாம்சனும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே இச்சொல்லைப் பரவலாக்கியது. அவர்கள் துகள்களைத் தேடிய இடங்களுள் கடற்கரை மணலும் கழிமுகச் சேறும் அடங்கும்.

மணலும் சேறும்

ஓதம் ஏறும்போது நீரில் மூழ்கி, வற்றும்போது வெளிப்படும் தட்டையான சேற்றுப்பரப்புகள் கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளின் ஓரங்களிலும் காணப்படுகின்றன. கிருஷ்ணா, கோதாவரி கழிமுகங்களிலும், தமிழகத்தில் பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பகுதிகளிலும் இவற்றைப் பார்க்கலாம். இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் வளரும் தொட்டில் இது. கரையோரக் குடும்பங்கள் பலவற்றின் வருவாய் இச்சேற்றிலிருந்தே தொடங்குகிறது.

அலை மோதும் மணற்கரையை நடப்புக் கணக்குக்கு ஒப்பிடலாம். இன்று ஒதுங்கியதை நாளைய அலை எடுத்துச் சென்றுவிடும். சேற்றுப்பரப்போ நிலை வைப்பைப் போன்றது. அங்கே நீரின் வேகம் தணிகிறது. நுண்ணிய களிமண் படிகிறது. அதனுடன் நெகிழித் துகளும் படிந்து, அடுத்த படிவின் கீழ் புதைகிறது. ஆகவே ஒரு கரை நெடுங்காலமாகப் பெற்று வந்த நெகிழியின் அளவை அறிய விரும்புவோர் சேற்றை நாடுகின்றனர்.

அளக்கும் முறை

இப்பணியின் முதல் கருவி ஓத அட்டவணை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிகத் தாழ இறங்குவதால் பரப்பு அகலமாக வெளிப்படும். நீர் திரும்புவதற்குள் மாதிரி எடுத்து முடிக்க வேண்டும். ஓதம் ஏறும் எல்லையிலிருந்து இறங்கும் எல்லை வரை நேர்கோடு இட்டு, அதன்மீது குறித்த இடைவெளிகளில் சதுரச் சட்டங்களை வைப்பர். ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் மேற்பரப்பின் சில சென்டிமீட்டர் சேற்றை உலோகக் கரண்டியால் அள்ளி, கண்ணாடி அல்லது உலோகக் கலத்தில் இடுவர். நெகிழிக் கரண்டி பயன்படுத்தினால் அதன் துகளே கணக்கில் ஏறிவிடக்கூடும்.

ஆய்வகத்தில் சேறு உலர்த்தி எடையிடப்படுகிறது. பின்னர் செறிந்த உப்புக் கரைசலில் அதைக் கலக்கி அசையாமல் வைத்தால், மண் அடியில் தங்கும். எடை குறைந்த நெகிழி மிதக்கும். மிதப்பதை வடிகட்டி, ஹைட்ரஜன் பெராக்சைடால் இலைதழைத் துணுக்குகளைக் கரைத்தபின் நுண்ணோக்கியில் எண்ணுவர். கண்ணுக்கு நெகிழியாகத் தோன்றுவதெல்லாம் நெகிழியன்று. பருத்தி இழையும் சிப்பித் துணுக்கும் ஏமாற்றவல்லவை. ஆதலால் அகச்சிவப்புக் கதிர் அல்லது ராமன் நிறமாலைக் கருவியைக் கொண்டு துகளின் வேதியியல் அடையாளம் உறுதி செய்யப்படுகிறது. சி.வி.ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறலே இக்கருவியின் அடிப்படை. கூடவே, சேறே இல்லாத வெற்று மாதிரி ஒன்றும் இதே படிகளைக் கடக்கிறது. அதில் காணப்படும் இழைகள் ஆய்வகக் காற்றிலிருந்தும் ஆய்வாளரின் ஆடையிலிருந்தும் வந்தவை. அவை கழிக்கப்பட வேண்டும்.

எண்களின் பின்னால் இருப்பது

இத்தனை கவனம் எடுத்தும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. ஓர் ஆய்வு ஒரு கிலோ உலர்ந்த சேற்றுக்கு இத்தனை துகள் என்கிறது. மற்றொன்று ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை என்கிறது. இவ்விரண்டையும் நேரடியாக ஒப்பிட இயலாது. 0.3 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் நழுவும் துகள்களை 0.05 மில்லிமீட்டர் சல்லடை பிடித்துவிடும்.

கரைசலும் கணக்கை மாற்றும். சமையல் உப்பின் செறிந்த கரைசல் நீரைவிட 1.2 மடங்கு அடர்த்தி கொண்டது. நீரைவிட இலேசான பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் அதில் மிதக்கும். ஆனால் தண்ணீர்ப் புட்டிகளும் பாலியெஸ்டர் துணியும் ஆக்கப்படும் பெட் நெகிழியின் அடர்த்தி ஏறத்தாழ 1.38. அது மண்ணோடு அமிழ்ந்து கணக்கிலிருந்து விடுபட்டுப் போகும். துத்தநாகக் குளோரைடு போன்ற அடர்ந்த கரைசலில் அதுவும் மேலே வரும். ஆயின் அதற்குச் செலவு மிகுதி, கையாளக் கவனமும் தேவை. எனவே இரு கரைகளுள் எது அதிகம் மாசுற்றது என்று கேட்குமுன், இரண்டும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டனவா என்று கேட்பதே முறை. இந்த ஒழுங்கை வளர்க்கவே கடல் மாசு குறித்து ஐ.நா. அமைப்புகளுக்கு அறிவுரை கூறும் கெசாம்ப் நிபுணர் குழு, 2019இல் அளவீட்டு நெறிமுறைகளை வெளியிட்டது.

தொடக்க இருப்பின் மதிப்பு

இது ஆய்வாளர்களுக்குள் நிகழும் நுணுக்க விவாதம் மட்டுமன்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்புக்கு அருகே 'எக்ஸ்-பிரஸ் பேர்ல்' சரக்குக் கப்பல் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் மூழ்கியது. அதில் இருந்த ஏறத்தாழ 1,680 டன் நெகிழிக் குருணைகள் இலங்கையின் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

அதே 2025இல், மே 25 அன்று, 640 கொள்கலன்களுடன் 'எம்.எஸ்.சி. எல்சா 3' கப்பல் கேரளக் கடற்பகுதியில் மூழ்கியது. கொள்கலன்கள் எத்திசையில் மிதந்து எக்கரையில் ஒதுங்கும் என்பதை ஐதராபாத்திலிருந்து இன்காய்ஸ் கணித்து அளித்தது. பயறு அளவிலான வெண்குருணைகள் திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் ஒதுங்கின. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கோரி உயர் நீதிமன்றத்தை அணுகியது.

இத்தகைய வழக்குகளில் எழக்கூடிய ஒரு கேள்வி உண்டு. கரையில் இன்று இருக்கும் நெகிழியில் விபத்துக்கு முன்பே இருந்தது எவ்வளவு? புதிய குருணையை இனம் காண்பது எளிது. ஆண்டுகள் கடந்து அது நொறுங்கிச் சேற்றில் கலந்த பின்னர், பழைய குப்பையிலிருந்து அதைப் பிரித்தறிவது கடினம். அப்போது, விபத்துக்கு முன் முறையாக எடுக்கப்பட்ட அளவீடே சான்றாக நிற்கும். அது இல்லையெனில், வலை பழுதான மீனவரின் இழப்பும் நண்டு குறைந்த கழிமுகத்தின் இழப்பும் வெறும் வாய்மொழியாகவே நின்றுவிடும்.

சட்டத்தின் பயனை அறியவும் இதுவே வழி. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 19 வகை நெகிழிப் பொருட்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை நடைமுறையில் உள்ளது. அத்தடையால் கரைக்கு வரும் நெகிழி குறைந்ததா என்பதை, ஒரே இடத்தில், ஒரே முறையில், ஆண்டுதோறும் எடுக்கும் அளவீடே உரைக்கும். சேற்றில் குழாயைச் செங்குத்தாகச் செலுத்தி எடுக்கும் மண்தூணின் அடுக்குகளை, அதிலுள்ள ஈயம்-210 என்னும் கதிரியக்கத் தனிமத்தின் தேய்வைக் கொண்டு காலக்கணக்கிடவும் முடியும். நண்டுகளும் புழுக்களும் துளையிட்டுக் கலக்காத இடமாயின், கடந்த பல பத்தாண்டுகளின் வரவை ஏடு புரட்டுவதுபோல் படிக்கலாம்.

நம் வீட்டுச் சேமிப்பேட்டை அவ்வப்போது பதிவு செய்து சரிபார்க்கிறோம். பிழை இருப்பின் அன்றே கேட்க முடிகிறது. பல்லாண்டுகள் கழித்துக் கேட்டால் சான்று தேடி அலைய நேரும். கழிமுகச் சேற்றிலும் நாள்தோறும் வரவு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதில் மூசிக் கரை நகரத்தின் பங்கும் உண்டு, நம் ஒவ்வோர் ஊரின் பங்கும் உண்டு. அடுத்த கப்பல் கவிழுமுன், அடுத்த வெள்ளம் வருமுன் அந்த ஏட்டை ஒருமுறை படித்துக் குறித்து வைப்பது, வரும் தலைமுறைக்கு நாம் விட்டுச் செல்லக்கூடிய நேர்மையான கணக்காகும்.