மேடை விளக்கும் முன்னமைவும்

நாடகம் முடிந்து வெளியே வருவோர் கதாநாயகனின் நடிப்பைப் பேசுவர், வசனத்தைப் பேசுவர், ஒப்பனையும் காட்சித் திரையும்கூட அவர்கள் வாயில் அடிபடும். விளக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினால், எங்கேயோ தவறு நேர்ந்துவிட்டது என்று பொருள். உருக்கமான வசனம் பேசிய நடிகரின் முகம் இருட்டில் போயிருக்கும். அல்லது நள்ளிரவுக் காட்சியில் நண்பகல் வெயில் அடித்திருக்கும். இவ்வாறு பழி மட்டுமே கிடைக்கும் இத்தொழிலில், கணிப்பொறி வந்தபின் ஏற்பட்ட ஒரு மாற்றத்தை மாணவ நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு 'ப்ரீசெட்' என்று பெயர். தமிழில் 'முன்னமைவு' எனலாம்.

இச்சொல் கணிப்பொறிக்கு மூத்தது. முன்பு அதற்கு வேறு பொருள் இருந்தது. அதை முதலில் அறிந்துகொண்டால் இன்றைய பொருள் எளிதில் விளங்கும்.

மேடை விளக்கைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் கருவி டிம்மர். ஒவ்வொரு டிம்மருக்கும் பலகையில் மேலும் கீழும் தள்ளக்கூடிய ஒரு பிடி உண்டு. பழைய மன்றங்கள் சிலவற்றில் இன்றும் காணப்படும் பலகையில் இப்பிடிகள் இரண்டு வரிசைகளாக இருக்கும். வரிசைக்கு 12 பிடிகள் என்று வைத்துக்கொள்வோம். மேல்வரிசையில் வைத்த அளவுப்படி மேடையில் காட்சி நடந்துகொண்டிருக்கும். அந்நேரத்தில் விளக்கை இயக்குபவர், மடியில் வைத்திருக்கும் தாளைப் பார்த்து, அடுத்த காட்சிக்குரிய அளவுகளைக் கீழ்வரிசையில் வைத்துவிடுவார். கீழ்வரிசைக்கு இன்னும் உயிர் வரவில்லை; ஆகவே மேடையில் எதுவும் மாறாது. குறிப்பிட்ட வசனம் வந்ததும் ஒரே ஒரு தலைமைப் பிடியை நகர்த்துவார். மேல்வரிசை மங்கக் கீழ்வரிசை ஒளிரும். பிறகு மேல்வரிசையில் மூன்றாம் காட்சிக்குரிய வேலை தொடங்கும். இப்படி அடுத்ததை முன்கூட்டி அமைத்து வைப்பதே அந்நாளைய முன்னமைவு.

40 முறை ஒளி மாறும் நாடகம் என்றால் 40 x 12 = 480 தடவை பிடிகளை அளவு பார்த்து வைக்கவேண்டும், ஒவ்வொரு இரவும். நடிகர் மறதியால் ஒரு பக்க வசனத்தைத் தாண்டிவிட்டாலோ, கீழ்வரிசை ஆயத்தமாகும் முன்பே அடுத்த காட்சி வந்து நிற்கும். அப்போது விளக்குக்காரர் படும் பாட்டைச் சொல்லி முடியாது.

இத்தொல்லையைக் குறைக்க அறிஞர் பலர் முயன்றனர். 1947இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஐசனவர் என்பவர் மின்னணுக் குழாய்களால் இயங்கும் பலகை ஒன்றை அமைத்தார். வரப்போகும் காட்சிகள் பலவற்றின் அளவுகளை முன்னதாகவே வரிசை வரிசையாகப் பொருத்திவைக்க அதில் இடம் இருந்தது. எனினும் அளவு வைப்பது கையால்தான். 1975இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 'எ கோரஸ் லைன்' என்னும் இசை நாடகத்திற்கு ஒளியமைத்த தாரன் மசர் அம்மையார், எலெக்ட்ரானிக்ஸ் டைவர்சிஃபைடு நிறுவனத்தின் எல்.எஸ்.8 என்னும் கணிப்பொறிப் பலகையைக் கொண்டுவந்தார். பிராட்வேயில் கணிப்பொறி நினைவகத்தால் ஒளி இயங்கிய முதல் நாடகம் அது. நடனக்காரர்களின் தேர்வு நடக்கும் நிகழ்காலத்தையும் அவர்களுடைய மனத்துக்குள் ஓடும் எண்ணங்களையும் அவர் ஒளியாலேயே பிரித்துக் காட்டினார். அதற்கு ஒளி விரைந்தும், ஒவ்வொரு இரவும் ஒரே விதமாகவும் மாறவேண்டும். பிடிகளைத் தள்ளும் கைகளால் அது ஆகாது. மறு ஆண்டு அவ்வொளியமைப்புக்கு டோனி பரிசு கிடைத்தது.

கருவி வந்தால் கலை தானே வந்துவிடும் என்று இதற்குப் பொருளல்ல. 1959இல் கல்கத்தாவின் மினர்வா அரங்கில் உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து ஏறும் காட்சியைத் தபஸ் சென் விளக்கொளியைக் கொண்டு எழுப்பிக் காட்டினார். அவரிடம் கணிப்பொறி ஏது?

கணிப்பொறி நினைவகம் வந்தபின் அளவு வைக்கும் வேலை போயிற்று. ஒளிமாற்றம் ஒவ்வொன்றையும் 'கியூ' என்பர். முதல் கியூவில் மூன்றாம் விளக்கு 70 விழுக்காடு, ஏழாம் விளக்கு 40 விழுக்காடு என்று பதிந்துவிட்டால் போதும். ஒரு பொத்தானை அழுத்தினால் அது வந்துவிடும். நினைவகம் காத்தது வெறும் எண்களை. அசையாத விளக்குகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

1981 செப்டம்பரில் ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவின் காளைச்சண்டை அரங்கில் ஜெனிசிஸ் இசைக்குழுவின் நிகழ்ச்சி நடந்தது. வேரிலைட் எனப்படும் இயங்கு விளக்குகள் அங்கேதான் அறிமுகமாயின. விளக்கு தானே திரும்பும், தானே நிறம் மாறும். வண்ண ஜெலட்டின் தாளை மாற்ற ஏணியில் ஏறவேண்டிய தேவை ஒழிந்தது. கூடவே புதுச் சிக்கலும் பிறந்தது. பழைய விளக்குக்கு ஓர் எண் போதும். இயங்கு விளக்குக்கு இடவலத் திருப்பம், மேல்கீழ்ச் சாய்வு, நிறம், கற்றையின் அகலம், கூர்மை, உருவத் தகடு என்று 20, 30 எண்கள் வேண்டும்.

இயற்பியல் மாணவர்கள் இங்கே சற்று நின்று ஒரு கணக்கைப் பார்க்கலாம். பலகையிலிருந்து விளக்குக்குச் செய்தி செல்லும் முறைக்கு டி.எம்.எக்ஸ். 512 என்று பெயர். 1986இல் வகுக்கப்பட்டு இன்றும் வழக்கிலுள்ளது. ஒரு கம்பித் தொடரில் 512 எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. வினாடிக்கு 2,50,000 பிட் வேகம். விளக்கு இடவலமாக மொத்தம் 540 பாகை திரும்பும் என்று கொள்வோம். அதை 256 படிகளாகப் பிரித்தால் ஒரு படி சுமார் 2.1 பாகை. 10 மீட்டர் தொலைவில் அது ஏறத்தாழ 37 செ.மீ. அளவுக்குத் தாவும். நடிகரின் முகத்தைக் குறிவைத்தால் ஒளி தோளில் விழும். ஒரு படி தள்ளினால் மறுபக்கம் போய்விடும்! ஆகவே திருப்பத்திற்கு இரண்டு எண்களைச் சேர்த்து 65,536 படிகளாக்குகின்றனர். இப்போது ஒரு படிக்கு ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. துல்லியம் கிடைத்தது. ஆனால் 31,420 என்ற எண்ணைப் பார்த்து, விளக்கு எதை நோக்குகிறது என்று எந்த மனிதரால் சொல்ல முடியும்?

இன்னொரு கணக்கு. 6 மீட்டர் உயரத்தில் தொங்கும் விளக்கு, தனக்கு நேர் கீழிருந்து 4 மீட்டர் முன்னால் மேடைத் தரையில் ஓரிடத்தை நோக்குகிறது. செங்குத்துக்கோட்டிலிருந்து சாய்வு 33.7 பாகை. அடுத்த ஊர் மன்றத்தில் உயரம் 5 மீட்டர்தான். அதே சாய்வில் ஒளி விழுவது 3.33 மீட்டரில், 67 செ.மீ. குறைகிறது. நாயகி நிற்கும் இடத்தில் ஒளியின் ஓரம்தான் இருக்கும். இவ்வாறு 8 விளக்குகள், 150 கியூ என்றால் 1,200 எண் தொகுதிகளையும் ஊருக்கு ஊர் திருத்தவேண்டும். அதற்குள் திரை தூக்கும் நேரம் வந்துவிடும்.

இன்றைய முன்னமைவு இவ்விடத்தில்தான் கைகொடுக்கிறது. அதன் தத்துவம் மிக எளிது. கியூவில் எண்ணை எழுதாமல் பெயரை எழுதுவதே அது.

நாம் விடுப்பு விண்ணப்பம் எழுதும்போது 'பெறுநர்: முதல்வர் அவர்கள்' என்றே எழுதுகிறோம், அவர் பெயரை எழுதுவதில்லை. முதல்வர் மாற்றலாகிப் போனாலும் (அரசு கல்லூரியில் இதற்குப் பஞ்சமில்லை) விண்ணப்பம் உரியவரிடமே சேர்கிறது. அதுபோல 'வாசற்படி' என்று ஒரு முன்னமைவை உண்டாக்கி, 8 விளக்குகளும் வாசற்படியை நோக்கும்போது அவற்றின் எண்களை அதில் பதிக்கிறோம். பிறகு 5ஆம் கியூ, 19ஆம் கியூ, 88ஆம் கியூ ஆகிய யாவற்றிலும் 'வாசற்படி' என்ற பெயர்தான் பதிவாகும். கியூ ஓடும்போது மென்பொருள் அப்பெயரைத் தேடிப்போய் எண்ணை எடுத்துக்கொள்ளும். புதிய மன்றத்தில் 'வாசற்படி'யை ஒருமுறை திருத்தினால் அதைச் சுட்டும் கியூக்கள் அனைத்தும் திருந்திவிடும். நாடகத்தில் 10 இடங்கள் என்றால் 8 x 10 = 80 திருத்தங்கள். 1,200 எங்கே, 80 எங்கே!

நிறத்திலும் இதே பயன். ஒத்திகையைப் பார்த்த இயக்குநர், "நிலவொளி அதிக நீலமாக இருக்கிறதே" என்பார். 'நிலவொளி' முன்னமைவில் நீலத்தைக் குறைத்தால், அது வரும் 20 இடங்களிலும் குறையும்.

ஆனால் இடமும் நிறமும் ஒரே தன்மையன அல்ல. ஒரே வகையைச் சேர்ந்த விளக்குகளில் ஒரே எண்கள் ஏறக்குறைய ஒரே நிறத்தையே தரும். ஆகவே ஒரு விளக்கில் பதித்ததை அவ்வகை விளக்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக்கலாம். இடம் அவ்வாறல்ல. ஒவ்வொரு விளக்கும் தொங்கும் இடம் வேறாதலால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குறிபார்த்துப் பதிக்கவேண்டும். நிறத்திலும் விளக்கின் வகை மாறினால் எண் மாறும். வெள்ளொளியிலிருந்து வடிகட்டி நிறம் பெறும் விளக்கு, மஞ்சளுக்காக நீலத்தைக் கழிக்கும். எல்.இ.டி. விளக்கோ சிவப்பையும் பச்சையையும் கூட்டும். 'மாலை வெயில்' என்ற ஒரே பெயருக்குள் இவ்விரு கணக்குகளும் அடங்கியிருக்கும். கியூவுக்கு அந்தக் கவலை இல்லை.

பெயர் வைப்பதில் நிறுவனங்களிடையே ஒற்றுமை இல்லாதது மாணவர்களைக் குழப்பும். அமெரிக்காவின் இ.டி.சி. நிறுவனத்து 'ஈயாஸ்' மென்பொருளில், இடம், நிறம் முதலியவற்றைத் தனித்தனியே பதித்தால் 'பாலெட்'. எல்லாம் சேர்ந்திருந்தால்தான் 'ப்ரீசெட்'. ஜெர்மானியத் தயாரிப்பான 'கிராண்ட் எம்.ஏ.'வில் (நம் கல்லூரி தரும் எம்.ஏ. பட்டம் அன்று) இவை யாவும் 'ப்ரீசெட்'தான். 'ஃபோகஸ்' என்றால் முன்னதில் விளக்கு நோக்கும் இடம். பின்னதில் கற்றையின் கூர்மை. சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் செய்கையைப் புரிந்துகொண்டால் எந்தப் பலகையின் முன்னும் அமரலாம்.

எல்லாவற்றையும் முன்னமைவாக்கத் தேவையில்லை. ஒளியின் அளவைக் கியூவிலேயே நேராக எழுதுவது நல்லது என்பது என் கருத்து. இடமும் நிறமும் திரும்பத் திரும்ப வரும்; ஒளியின் அளவோ அந்தந்தக் காட்சியின் உணர்ச்சியைப் பொறுத்தது. அதற்குப் பொதுப்பெயர் வைத்தால் நாடகம் முழுவதும் ஒரே சுருதியாகிவிடும்.

முன்னமைவின் வலிமையிலேயே அதன் ஆபத்தும் இருக்கிறது. மூன்றாம் அங்கத்திற்காக ஒருவர் 'நிலவொளி'யைச் சற்றுச் சிவப்பாக்குவார். முதல் அங்கத்துக் காதல் காட்சியிலும் அச்சிவப்பு ஏறிவிடும். அங்கே யாரும் அன்று ஒத்திகை பார்த்திருக்கமாட்டார்கள். வேறு நிறம் வேண்டுமானால் பழையதைத் தொடாமல், அதன் நகலெடுத்து 'போர் நிலவு' என்று புதுப்பெயர் இடுவதே முறை.

இன்னொன்று கண்ணுக்கு எளிதில் புலப்படாது. 'வாசற்படி'யை அழைத்தபின், நடிகர் ஓரடி தள்ளி நிற்கிறார் என்று சக்கரத்தைச் சிறிது திருப்பிக் கியூவைப் பதிந்தால், அங்கே பெயர் போய் எண் உட்கார்ந்துவிடும். அன்றிரவு எல்லாம் சரியாகவே தெரியும். அடுத்த ஊரில் அந்த விளக்கு மட்டும் பழைய ஊரின் வாசற்படியையே தேடிக்கொண்டிருக்கும். திரையில் கியூ விவரத்தைப் பார்த்தால், பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில் எண் தென்படுவதைக் கொண்டு இதைக் கண்டுபிடிக்கலாம்.

கல்லூரிகளுக்கிடையேயான நாடகப் போட்டிகளுக்குச் செல்வோருக்கு இது நேரடியாகப் பயன்படும். முந்தைய குழு இறங்கியபின்தான் மேடை நம் கைக்கு வரும். அதுவும் சில நிமிடங்களே. பயிற்சிக்குப் பலகை வேண்டும் என்பதில்லை. ஈயாஸ் மென்பொருளை விலையின்றிப் பெற்று, சொந்தக் கணிப்பொறியிலேயே முப்பரிமாண மேடைப் படத்தில் விளக்குகளைத் திருப்பிப் பார்க்கலாம். உண்மை விளக்கை எரிக்கத்தான் பணம் கட்டவேண்டும். 'கியூ.எல்.சி. பிளஸ்' முற்றிலும் இலவசம். அதில் தொடர் ஒவ்வொன்றும் காட்சிகளைச் சுட்டியே அமைவதால், ஒரு காட்சியைத் திருத்தினால் அதைப் பயன்படுத்தும் தொடர்கள் யாவும் மாறுவதைக் கண்ணால் காணலாம்.

நாடகத்தின் இடங்களையும் நிறங்களையும் வீட்டிலேயே பெயரிட்டுக் கியூக்களை முடித்துக்கொண்டு போகவேண்டும். மேடை கிடைத்ததும் குழுவில் ஒருவர் வாசற்படியிலும், பிறகு ஊஞ்சலிலும், பிறகு கிணற்றடியிலும் சென்று நிற்கவேண்டும். நடிகரின் உயரம் உள்ளவராக இருப்பது நல்லது. விளக்கை அவர் முகத்தில் நிறுத்தி அந்தந்தப் பெயரைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். மீதியுள்ள நேரத்தில் கியூக்களை வேகமாக ஒருமுறை ஓட்டி, எண் தெரியும் கட்டங்களை மட்டும் திருத்திக்கொள்ளலாம்.