இணையவழித் தொலைபேசி: வாங்குமுன் கேட்க வேண்டியவை

சென்ற ஆண்டு மே மாதத்தில் ஓரிரவு டில்லியில் புழுதிப் புயல் வீசியது. சிறிது நேரத்திற்கெல்லாம் எங்கள் குடியிருப்பில் மின்சாரம் நின்றுவிட்டது. டில்லிவாசிகளுக்கு இது புதிதன்று. கைவிளக்கைத் தேடிக்கொண்டிருக்கையில் கீழ்த்தளத்து அன்பர் மேலேறி வந்து எங்கள் கதவைத் தட்டினார். அவருடைய தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டிருந்தது. ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஆனால் அவர் வீட்டுத் தொலைபேசியில் ஓசையே இல்லை. கைப்பேசியும் பேசவில்லை. அந்தக் கீழ்த்தளத்திற்குக் கைப்பேசி அலை சரியாக எட்டுவதில்லை என்பதும், வீட்டு வைஃபையின் வழியாகவே கைப்பேசியிலும் இதுகாறும் பேசி வந்தார்கள் என்பதும் அன்றுதான் விளங்கின. ரவுட்டர் அணைந்ததும் இரண்டும் ஒருங்கே ஊமையாகிவிட்டன. எங்கள் வீட்டு மாடி முகப்பில் நின்று 112-ஐ அழைத்தோம். அம்மூதாட்டியார் பிழைத்துக்கொண்டார். இழந்தது சுமார் பத்து நிமிஷம்; ஆயினும் அந்தப் பத்து நிமிஷத்தை அவர் மகன் இன்னும் மறக்கவில்லை.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் அவர்கள் பழைய செப்புக் கம்பித் தொலைபேசியை விட்டு இணையவழித் தொலைபேசிக்கு மாறியிருந்தனர். மாதக் கட்டணம் குறைந்தது. குரலும் முன்னிலும் தெளிவாயிருந்தது. விற்க வந்தவர் பொய் எதுவும் சொல்லவில்லை. மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று இவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பழைய தொலைபேசி மின்வெட்டிலும் பேசியதற்குக் காரணம் எளிது. அதற்கு வேண்டிய மின்சாரம் வீட்டிலிருந்து வந்ததன்று. தொலைபேசி நிலையத்தில் வரிசை வரிசையாக வைத்திருந்த பேட்டரிகளிலிருந்து, 48 வோல்ட் அழுத்தத்தில், குரல் வந்த அதே இரட்டைக் கம்பியின் வழியே அது வந்தது. ஊர் முழுவதும் இருண்டாலும் நிலையம் இருளவில்லை. கண்ணாடியிழையோ ஒளியைக் கடத்துமேயன்றி மின்சாரத்தைக் கடத்தாது. ஆகையால் இழையின் முனையில் ஒளியைக் குரலாக மாற்றும் பெட்டிக்கும், அதையடுத்த ரவுட்டருக்கும் நம் வீட்டு மின்சாரமே கதி. தொலைபேசியை உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பு நிலையத்திலிருந்து நம் வீட்டுச் சுவருக்கு இடம் மாறியிருக்கிறது. வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ இச்சேவையை அமர்த்துவோர் கட்டண அட்டவணையைப் பார்க்குமுன் இதை மனத்தில் கொள்ளவேண்டும்.

குரல் இணையத்தில் செல்லும் விதத்தையும் சற்று அறிந்திருப்பது நலம். பழைய முறையில், பேசி முடியும்வரை ஒரு வழி முழுவதும் அவ்விருவருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. இணையத்தில் அவ்விதம் ஒதுக்கீடு இல்லை. குரலின் அளவு வினாடிக்கு 8,000 முறை எடுக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட் கொண்ட எண்ணாக எழுதப்படுகிறது. ஆக வினாடிக்கு 64,000 பிட். வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக் குரல் ஒரு பொட்டலமாகக் கட்டப்படுகிறது. (இச்சொல்லைக் கண்டால் பக்கோடா நினைவே வருகிறது என்று எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவில் ஒருவர் ஆட்சேபித்தார். இதைவிடப் பொருத்தமான சொல்லை அவராலும் தர இயலவில்லை.) ஒரு பொட்டலத்தில் குரல் 160 பைட், அதன் மேல் ஒட்டும் விலாசம் முதலிய குறிப்புகள் 40 பைட். விலாசத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓர் உரையாடலுக்கு ஒவ்வொரு திசையிலும் வினாடிக்குச் சுமார் 80,000 பிட் ஆகும். குரலைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் இதனினும் மிகக் குறைவு. இவ்விதம் குரலைப் பொட்டலங்களாக அனுப்பும் சோதனை அமெரிக்காவில் 1974 ஆகஸ்டிலேயே நடைபெற்றது.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். பத்துப் பேர் ஒரே சமயத்தில் பேசினாலும் ஒரு திசையில் ஒரு மெகாபிட்டுக்கு மேல் தேவையில்லை. 100 மெகாபிட், 300 மெகாபிட் என்று விளம்பரங்கள் முழங்குவது சினிமாப் பார்ப்பதற்கு உதவலாம். பேச்சுக்கு அதனால் ஆவது சொற்பம். குரலைக் கெடுப்பது வேறு: தாமதமும், தாமதத்தின் ஏற்றத்தாழ்வும்.

ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்குக் குரல் சேர 150 மில்லிவினாடிக்குள் ஆயின், பேச்சில் இடையூறு பெரும்பாலும் தோன்றாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தாமதம் அதைக் கடந்து பெருகினால் இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்குவர், இருவரும் நிறுத்துவர், மறுபடி இருவரும் தொடங்குவர். ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் துணைக்கோளின் வழியே சென்றால், ஏறி இறங்கவே கால் வினாடி ஆகிவிடும். எந்த நிறுவனத்தாலும் இதைக் குறைக்க இயலாது. ஒளியின் வேகம் அவ்வளவே. அந்தமான் தீவுகளுக்குச் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழை 2020 ஆகஸ்டிலும், லட்சத்தீவுகளுக்குக் கொச்சியிலிருந்து 2024 ஜனவரியிலும் இயங்கத் தொடங்கியதன் அருமை அதற்கு முன் துணைக்கோளின் வழியே அங்கே பேசியவர்களுக்குத் தெரியும்.

தாமதம் சீராயிருப்பின் காது ஓரளவு பழகிக்கொள்ளும். பொட்டலங்கள் ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் வந்தால்தான் குரல் உடைகிறது. கடிதம் ஒரு நாள் பிந்தி வந்தாலும் படிக்கலாம். குரற் பொட்டலம் பிந்தி வந்தால் அதற்குரிய கணம் கடந்துபோயிருக்கும். வராததும் பிந்தி வந்ததும் ஒன்றே. வீட்டில் இது நேர்வதற்குப் பெரும்பாலும் காரணம் வெளியேறும் திசையில் ஏற்படும் நெரிசல். ஒருவர் பேசிக்கொண்டிருக்கையில் மற்றொருவர் பெரிய வீடியோவை வெளியே அனுப்பத் தொடங்கினால், ரவுட்டரின் வாயிலில் நீண்ட வரிசை நிற்கும். குரலும் அவ்வரிசையில் நிற்கும். பதிவிறக்க வேகத்தை மட்டும் கேட்டு, வெளியே அனுப்பும் வேகத்தைக் கேளாதிருப்பது பலரும் செய்யும் பிழை. குரலுக்கு முன்னுரிமை அளிக்கும் ஏற்பாடு பல ரவுட்டர்களில் உண்டு. அதை இயக்கி வைக்குமாறு பொருத்த வருபவரிடம் சொல்லலாம்.

தாமதத்தை அளக்கும் ஒரு சோதனையை ஆசிரியர்கள் வகுப்பிலேயே செய்து காட்டலாம். இரண்டு கைப்பேசிகளுக்கு இடையே ஓர் அழைப்பை ஏற்படுத்துக. இரண்டாவதன் ஒலிபெருக்கியை இயக்கி, ஒலிவாங்கியை மட்டும் அடைத்துவிடுக; இல்லாவிடில் ஊளைச் சத்தம் எழும். மூன்றாவது கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தொடங்கி அருகே வைத்து, ஒரு மாணவனை ஒரு முறை கைதட்டச் சொல்லுக. பதிவில் கைதட்டல் இரு முறை தென்படும்: ஒன்று நேரே வந்தது, மற்றொன்று அழைப்பின் வழியே சுற்றி வந்தது. ஒலிப்பதிவுச் செயலியின் அலைப்படத்தில் இரண்டு சிகரங்களுக்கும் இடையேயுள்ள காலமே தாமதம். இதையே சாதாரணக் கைப்பேசி அழைப்பிலும், இணையச் செயலியிலும், வைஃபை வழியிலும் செய்து ஒப்பிட்டால் மாணவர் கற்பது புத்தகத்தில் படிப்பதினும் அதிகம். புதிய சேவையை அமர்த்துமுன் நாமும் இவ்வாறே அளந்து பார்க்கலாம்.

இனி, சந்தையில் கிடைப்பவை. இழை இணைப்போடு சேர்ந்தே ஒரு நிலைத் தொலைபேசி எண் தருவது ஒரு வகை. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே ஏற்றது. பல கிளை எண்கள் வேண்டிய அலுவலகத்துக்கு, நிறுவனத்தின் கணிப்பொறியிலேயே இணைப்பகத்தை நடத்தித் தரும் சேவை மற்றொரு வகை. கைப்பேசி எண்ணிலேயே வைஃபை வழியாகப் பேசும் வசதி நம் நாட்டில் 2019 டிசம்பரில் தொடங்கியது; இதற்குத் தனிக் கட்டணம் கேட்பதில்லை. கைப்பேசி அலை எட்டாமல், பஞ்சாயத்து அலுவலகத்துக்கு இழை மட்டும் வந்திருக்கும் மலைக்கிராமங்களில் பணிபுரியும் ஊழியர்களுக்கு இது பெரும் உதவி. செயலிகள் மூலம் பேசுவது இறுதி வகை. ஆனால் அங்கே எண் நம்முடையதன்று, சேவையும் நிலையானதன்று. 2003-இல் தொடங்கி உலகெங்கும் பரவிய ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டது.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இணையத் தொலைபேசி இந்தியாவில் 2002 ஏப்ரல் முதல் தேதியன்று அனுமதிக்கப்பட்டது. ஆயினும் கணிப்பொறியிலிருந்து உள்நாட்டுச் சாதாரணத் தொலைபேசியை அழைக்க அப்பொழுது இடமில்லை. 2018-இல்தான் உரிமம் பெற்ற நிறுவனங்கள் அத்தகைய சேவையை எண்ணோடு தர வழி பிறந்தது. ஆகவே மிகக் குறைந்த விலையில் எண் தருகிறோம் என்று வருபவரிடம் தொலைத்தொடர்புத் துறையின் உரிமத்தைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். உரிமமின்றி இணைய அழைப்புகளைச் சாதாரணத் தொலைபேசிக்கு மாற்றிவிடும் இணைப்பகம் நடத்துவது குற்றம்.

அவசர அழைப்பு இதனினும் முக்கியம். செயலிகளை 112-க்கு நம்பியிருத்தல் கூடாது. இணையவழி எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. அது எங்கு எடுத்துச் சென்றாலும் பேசும். ஆதலின் அழைப்பு எங்கிருந்து வருகிறது என்பதை எண்ணைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. ஜெய்ப்பூர் அலுவலகத்தின் எண்ணை மடிக்கணினியில் வைத்துக்கொண்டு உதய்ப்பூர் மாவட்டத்தில் சுற்றும் ஊழியர் உதவி கோரினால், உதவி ஜெய்ப்பூருக்குப் போகக்கூடும். 2017 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட பரிந்துரைகளில் இணையத் தொலைபேசிக்கு அவசர அழைப்பு வசதி கட்டாயமாக்கப்படவில்லை. அதன் குறைபாடுகளைச் சந்தாதாரருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பதே சொல்லப்பட்டது. எனவே கேட்டுத் தெரிந்துகொள்ளும் கடமை நம்முடையது.

அலுவலகங்களுக்கு மேலும் இரண்டு சொற்கள். மின்தூக்கியினுள் உள்ள அபாயத் தொலைபேசி, பழைய தொலைநகல் இயந்திரம் ஆகியவை செப்புக் கம்பியில் இருந்தால், அக்கம்பியைத் துண்டிக்குமுன் அவை புதிய வழியில் வேலை செய்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கிளைத் தொலைபேசிகளின் கடவுச்சொல் தொழிற்சாலையில் வைத்தபடியே விடப்படின், எங்கோ இருப்பவர் நள்ளிரவில் அதன் வழியே அயல்நாடுகளுக்குப் பேசி, பட்டியை நம் தலையில் கட்டுவார். அயல்நாட்டு அழைப்பு தேவையில்லாத அலுவலகம் அதை முதல் நாளே அடைத்துவிடச் சொல்லலாம்.

மின்சாரத்துக்குத் திரும்புவோம். இழைப் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து சுமார் 20 வாட் கொள்வதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 84 வாட்-மணி ஆற்றல் அடங்கும். சேதாரம் போக மூன்று மணி நேரம் தாங்கும். இவற்றுக்கென்றே சிறு பேட்டரிப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. சாதனத்தின் வோல்ட்டும் பெட்டியின் வோல்ட்டும் ஒத்திருக்க வேண்டும் என்பது கவனிக்கத்தக்கது.

கீழ்த்தளத்து அன்பர் அத்தகைய பெட்டி ஒன்றை ஜூன் மாதமே வாங்கிவிட்டார். ஜூலையில் மறுபடி மின்சாரம் நின்றது. ரவுட்டரில் விளக்குகள் எரிந்தன; தொலைபேசியோ முன்போலவே ஊமை. விசாரித்ததில், இழை கட்டடம் வரையில்தான் வந்திருந்தது. மாடிப்படியடியில் ஒரு பெட்டியில் முடிந்து, அங்கிருந்து சாதாரணக் கம்பியாக வீடுகளுக்குப் பிரிந்தது. அப்பெட்டிக்குப் பேட்டரி இல்லை. இழையை நேரே வீட்டுக்குள் கொண்டுவரும்படி நிறுவனத்துக்கு எழுதி, இரண்டு மாதம் காத்திருந்து மாற்றிக்கொண்டார். பொருத்த வந்த இளைஞர் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு புறப்படுகையில், அன்பர் அவரை நிறுத்தி, வீட்டு மின்சாரத்தின் முதன்மை விசையையும் மாடிப்படிப் பெட்டியின் விசையையும் கீழே தள்ளினார். பிறகு என் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. குரல் தெளிவாகவே இருந்தது.