தபாலில் வந்த பென் டிரைவ்!

2015ல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஓடிக்கொண்டிருந்த ஜீப் காரைத் தொலைவில் இருந்தபடியே இன்டர்நெட் மூலம் முடக்கிக் காட்டினர். பதறிப்போன பியட் கிரைஸ்லர் நிறுவனம், 14 லட்சம் வாகனங்களின் மென்பொருளைத் திருத்த முடிவு செய்து, உரிமையாளர்களுக்குப் பென் டிரைவைத் தபாலில் அனுப்பியது.

'இதேபோல வேறு யாராவது போலி பென் டிரைவ் அனுப்பினால்?' என்று பாதுகாப்பு வல்லுநர்கள் கேட்டனர். நியாயமான கேள்விதானே!

இதற்குத்தான் 'டிஜிட்டல் கையொப்பம்' உள்ளது. மென்பொருள் முழுவதையும் கணக்கிட்டு ஒரு நீண்ட எண்ணைப் பெறுவர். ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்த எண் அடியோடு மாறிவிடும். நிறுவனம் தன் ரகசிய சாவியால் அதற்கு முத்திரை இடும். கருவிக்குள் இருக்கும் பொதுச் சாவியால் அதைச் சரிபார்க்க மட்டுமே முடியும். புது முத்திரை போட முடியாது. கருவி தானும் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கும். பொருந்தவில்லையா? உள்ளே விடாது.

சில திருடர்கள் முத்திரை சரியாக உள்ள, ஆனால் ஓட்டை நிறைந்த பழைய பதிப்பைக் கொண்டு வருவர். அதனால் நல்ல கருவிகள் பதிப்பு எண்ணையும் பார்க்கின்றன.