பல்பு போச்சா? பேட்டரி போச்சா? சார்ஜ் லைட்டுக்கு ஒரு வைத்தியம்!



நம்ம ஊர்ப்பக்கம் பல வீடுகளில் ஒரு பெரிய சார்ஜ் லைட்டு இருக்கும். ராத்திரி மும்முனைக் கரண்டு வந்தால் மோட்டார் போடப் போகிறவர்கள் கையில் அதுதான் துணை. வரப்பில் கட்டுவிரியன் கிடந்தாலும் அந்த வெளிச்சம்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. ஆகவே லைட்டு எரியாமல் போவது சின்ன விஷயம் இல்லை.

லைட்டு எரியலேன்னா உடனே "பல்பு பியூஸ் போச்சு" என்று சொல்லிப் புது பல்பு வாங்கிவிடுவோம். அதுவும் எரியாது! காசும் போச்சு, இருட்டும் போகலை. கோளாறு எங்கே என்று வரிசையாகத் தேடினால் பாதி நேரம் செலவே இல்லாமல் சரியாகிவிடும். எப்படி? வாங்க பார்ப்போம்.

முதலில் பாதுகாப்பு!

சார்ஜில் போட்டிருக்கும்போது லைட்டைக் கழற்றவே கூடாது. விலை குறைந்த பல லைட்டுகளில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. ஒரு மின்தேக்கி வழியாக 230 வோல்ட் மின்சாரம் நேராக உள்ளே வருகிறது. அப்போது உள்ளே எந்தக் கம்பியைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்தேக்கியில் கொஞ்ச நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். அதனால் பிளக்கைப் பிடுங்கி, சுவிட்சை அணைத்து, பல்பு நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளையும் கம்பியாலோ ஸ்குரூ டிரைவராலோ ஒன்றாகத் தொடாதீர்கள். கம்பி பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

படி 1: பல்பைக் கேளுங்கள்

பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே சுருள் சுருளாக ஒரு இழை தெரியும். அது டங்ஸ்டன். நடுவில் அறுந்திருந்தால் பல்பு போயாச்சு. கண்ணாடியின் நிறமும் கதை சொல்லும்.

உள்ளே வெள்ளையாகப் பால் பூசியதுபோல் இருந்தால் காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். கறுத்திருந்தால் டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்திருக்கிறது. ஹாலஜன் பல்பில் இப்படிப் படியக் கூடாது. அதில் உள்ள வாயு, ஆவியான டங்ஸ்டனைத் திரும்ப இழையிடமே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் கண்ணாடி நல்ல சூட்டில் இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். பேட்டரி இறங்கி மங்கலாக எரியும் லைட்டையே தினமும் ஓட்டினால் ஹாலஜன் பல்பும் கறுத்துப்போகும்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியலையா? மல்டிமீட்டரைப் 'பீப்' சத்தம் வரும் இடத்தில் வைத்து, பல்பின் இரண்டு முனைகளையும் தொடுங்கள். சத்தம் வந்தால் இழை அறுபடவில்லை. மீட்டர் இல்லேன்னா நாலு 1.5 வோல்ட் பேட்டரியை வரிசையாக இணைத்தால் 6 வோல்ட். அதில் 6 வோல்ட் பல்பைத் தொட்டுப் பாருங்கள். சின்ன பேட்டரியால் முழு வெளிச்சம் தர முடியாது. ஆனால் இழை லேசாகச் சிவந்தாலே போதும், பல்பு உயிரோடுதான் இருக்கிறது!

படி 2: பேட்டரியைக் கேளுங்கள்

பல்பு நல்லா இருந்தால் அடுத்த சந்தேகம் பேட்டரி மேல். சார்ஜ் போடும்போது எரியும் குட்டிச் சிவப்பு விளக்கை நம்பி ஏமாறாதீர்கள். பல லைட்டுகளில் அது கரண்டு வருகிறது என்று மட்டும்தான் சொல்லும். பேட்டரி ஏறுகிறதா என்று சொல்லாது.

முழுசா ஏறிய 6 வோல்ட் ஈய அமில பேட்டரி, சும்மா இருக்கும்போது சுமார் 6.3 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். அதோடு நிறுத்தாதீர்கள். பல்பு எரியும்போதும் அளந்து பாருங்கள். சட்டென்று 5 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. பார்க்க நல்லாத்தான் இருப்பார், மூட்டையைத் தூக்கச் சொன்னால்தான் தெரியும்!

இப்படிப்பட்ட பேட்டரியை இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் போட்டுவைத்தால் கெட்டுவிடும். பயன்படுத்தாவிட்டாலும் அவ்வப்போது சார்ஜ் போட வேண்டும். கெட்டுப்போனதை உடைக்கவோ எரிக்கவோ கூடாது, ஈயம் விஷம். பேட்டரிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

படி 3: நடுவில் இருப்பவர்களைக் கேளுங்கள்

பல்பும் நல்லது, பேட்டரியும் நல்லது, ஆனாலும் எரியலை. அப்படியானால் திருடன் நடுவில் இருக்கிறான். சுவிட்ச், பியூஸ், பல்பு ஹோல்டர், பற்றவைத்த இடம் எல்லாவற்றையும் பாருங்கள். பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஹோல்டரில் பல்பு இல்லாமல் அளந்தால் 6 வோல்ட் சரியாகக் காட்டும். பல்பைப் போட்டதும் குறைந்துவிடும். ஏன்? ஓம் விதியை நினைத்துப் பாருங்கள். 6 வோல்ட், 20 வாட் பல்பு என்றால் மின்னோட்டம் 20 ÷ 6 = 3.33 ஆம்பியர். எரியும்போது பல்பின் மின்தடை 6 ÷ 3.33 = 1.8 ஓம்தான். அந்தக் களிம்பில் வெறும் 1 ஓம் இருந்தாலும் பல்புக்கு 4 வோல்ட்கூடப் போய்ச் சேராது! பல்பு இல்லாதபோது மின்னோட்டமே இல்லை, அதனால் களிம்பில் இழப்பும் தெரியாது. வகுப்பில் போட்ட கணக்கு வரப்பு வரைக்கும் வருகிறது, பார்த்தீர்களா?

படி 4: புது பல்பு வாங்கும்போது

பழைய பல்பைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். அதன் அடியில் வோல்ட், வாட் அச்சிட்டிருப்பார்கள். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். இழை பல்புக்கு 5 சதவீதம் வோல்ட் கூடினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். சார்ஜில் இருக்கும்போது லைட்டைப் போட்டால் பல்பு சீக்கிரம் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது 6 வோல்ட் பேட்டரி முனையில் 7 வோல்ட்டுக்கு மேல்கூட ஏறும்.

"பெரிய வாட்டாப் போட்டா இன்னும் தூரம் தெரியுமே" என்று சிலர் நினைப்பார்கள். வேண்டாம்! 4.5 ஆம்பியர்-மணி பேட்டரியில் 20 வாட் பல்பு, தாளில் போட்ட கணக்குப்படி 1 மணி 20 நிமிடம் எரியும். 55 வாட் போட்டால் அரை மணிகூட வராது. நிஜத்தில் இரண்டுமே இன்னும் குறையும். சூட்டில் பிளாஸ்டிக் ரிப்ளெக்டர் உருகும், சுவிட்சும் கருகும். போகும்போது வெளிச்சம், திரும்பும்போது இருட்டு என்றால் என்ன லாபம்?

ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெயும் உப்பும் ஒட்டிய இடத்தில் அந்தக் கண்ணாடி சூட்டில் கெட்டு, பல்பு சீக்கிரமே போய்விடும். சுத்தமான துணியால் பிடித்து மாட்டுங்கள். கை பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். பல்பு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இழை குழி ஆடியின் குவியத்தில் இருந்தால்தான் ஒளி கற்றையாக நேரே போகும். கொஞ்சம் விலகினாலும் பரவிப்போகும்.

எல்.இ.டி. லைட்டு என்றால்?

இப்போது கடைகளில் பெரும்பாலும் இதுதான். இதில் அறுந்துபோக இழையே கிடையாது. எரியாவிட்டால் முதலில் பேட்டரி, சுவிட்ச், பற்றவைத்த இடம் ஆகியவற்றைச் சோதியுங்கள். எல்.இ.டி.க்கு நேர்முனை, எதிர்முனை உண்டு, மாற்றி இணைத்தால் எரியாது. உள்ளே லித்தியம் பேட்டரி இருந்து அது உப்பியிருந்தால் தொடவே வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?

* டங்ஸ்டன் உருகும் வெப்பநிலை சுமார் 3,422 டிகிரி செல்சியஸ். உலோகங்களிலேயே இதுதான் அதிகம்.
* டங்ஸ்டன் என்ற சொல்லுக்கு ஸ்வீடன் மொழியில் 'கனமான கல்' என்று பொருள்.
* குளிர்ந்த இழையின் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம்தான். அதனால் சுவிட்ச் போட்ட நொடியில் மின்னோட்டம் பல மடங்கு பாயும். பல்புகள் பெரும்பாலும் போடும்போதே 'பட்'டென்று போவது இதனால்தான்!

நண்பர்களே, 'பதறாத காரியம் சிதறாது' என்பார்கள். பல்பு, பேட்டரி, நடுவழி என்ற மூன்றையும் இதே வரிசையில் கேளுங்கள். யாரோ ஒருவர் உண்மையைச் சொல்லிவிடுவார். இன்று சாயங்காலமே வீட்டு லைட்டை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பகலில் கண்டுபிடித்த கோளாறு ராத்திரியில் ஒரு காலைக் காப்பாற்றும்.

– 10ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு