வண்டி ரெடி! புறப்படுவது எப்போது?

கோவையில் ஒரு புது மோகம் பரவி இருக்கிறது. ஜீப் மோகம்!

சாயந்திரம் 6 மணிக்கு அவினாசி ரோட்டில் நின்று பாருங்கள். 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி.நாயுடு மேம்பாலத்தின் மேல் 'தார்' வரும். 'ஜிம்னி' வரும். கம்பெனி கைவிட்ட பழைய 'ஜிப்சி'யும் பளபளவென்று வரும்.

ஒவ்வொன்றும் ஒரு தினுசு. பல் பல்லாய் டயர். தலைக்கு மேலே கேரியர். அதிலே மடித்து வைத்த கூடாரம். முன்னால் இரும்புத் தடுப்பு. நெற்றி முழுக்க விளக்கு. பின்னால் பெட்ரோல் கேன், மண்வெட்டி. பார்த்தால் நேரே சகாரா பாலைவனத்துக்குப் போகிற மாதிரி இருக்கும்.

எங்கே போகிறது தெரியுமா? பீளமேட்டில் இருந்து ஆபீசுக்கு. திரும்ப ஆபீசில் இருந்து பீளமேட்டுக்கு!

"என் காசு, என் வண்டி, உனக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வண்டியை அழகு பார்ப்பது குற்றம் அல்ல. ஆனால் காட்டையும் மலையையும் பார்க்கத்தானே இந்த வண்டியை வாங்கினோம்? அந்தப் பயணம் என்ன ஆயிற்று?

ஒன்று மாற்றினால் ஒன்பது

கதை டயரில் தொடங்கும். பெரிய டயர் போட்டால் ஜோராக இருக்கும் என்று ஆசை வரும். போட்டாயிற்று. வளைவில் திரும்பினால் டயர் மட்கார்டில் உரசும்.

"அண்ணா, டயரு பெருசாயிருச்சுங். இனி வண்டியத் தூக்கோணும்ங்" என்பார் மெக்கானிக். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாறும். வண்டி உயரும். உயர்ந்த வண்டிக்குப் பழைய விளக்கு பொருந்துமா? விளக்கு வரும். விளக்குக்கு பாட்டரி போதாது. இன்னொரு பாட்டரி வரும். பாரம் ஏறும். மைலேஜ் இறங்கும்.

இப்படியே ஒரு வருஷம். வீட்டில் கேள்வி கிளம்பும்.

"ஏனுங்க, டயரு மாத்தியாச்சு, லைட்டு மாத்தியாச்சு. எங்களை எப்பங்க கூட்டிட்டுப் போவீங்க?"

"இன்னும் ஒரே ஒரு சாமான்தான் அம்மிணி. அது வந்துட்டா கிளம்பிரலாம்."

அந்த ஒரே ஒரு சாமான் வந்தபாடில்லை. வண்டி 'புக்' பண்ணியபோது எல்.கே.ஜி. படித்த பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்பு. அப்பாவோடு கூடாரத்தில் படுக்கும் ஆசை இன்னும் சில வருஷம்தான் இருக்கும். பிறகு நண்பர்களோடு போய்விடும். டயர் கடையில் எப்போதும் கிடைக்கும். அந்த வயது கிடைக்குமா?

ஒரு சின்னக் கணக்கு

கடைக்காரர்களுக்குக் கணக்கு சொன்னால் சட்டென்று புரியும்.

கோவையில் இருந்து வால்பாறை போய்த் திரும்ப 210 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 10 கி.மீ. ஓடினால் 21 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டாலும் 2 ஆயிரத்து 100 ரூபாய்தான். ஆக, 10 ஆயிரம் ரூபாய்க்கு விளக்கு வாங்குகிற ஒருவர், நாலு தடவை வால்பாறை போய் வரும் எண்ணெய்க் காசை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் சுற்றுகிறார்!

வளைவில் தெரியும் வண்டவாளம்

ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. இந்த வளைவுகளில்தான் தூக்கிக் கட்டிய வண்டியின் சங்கதி தெரியும்.

வண்டியை உயர்த்தினால் அதன் பாரத்தின் மையமும் உயரும். கூரை மேல் கூடாரம், டின், டயர் என்று ஏற்றினால் இன்னும் உயரும். வளைவில் ஒடித்தால் சாயும். கம்பெனி வைத்த உயரத்தில் சாயாத வண்டி இது! கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருக்கும். அதை எத்தனை பேர் புரட்டிப் பார்த்தார்கள்?

டயர் பெரிதானால் மீட்டரும் பொய் சொல்லும். மீட்டர் 60 காட்டும்போது வண்டி அதற்கு மேலே ஓடும். கனத்த சக்கரத்தை நிறுத்த பிரேக்குக்கும் வேலை அதிகம்.

விளக்குக்காக ஒயரை அறுத்து ஒட்டுப்போடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. பியூஸ், ரிலே இல்லாமல் இழுத்த ஒயர் சூடாகித் தீப்பிடிக்கும். நடுக்காட்டில் தீயணைப்பு வண்டியை எங்கே தேடுவது?

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. வண்டி தயாரித்தவர் கொடுத்த அளவுக்கும் அமைப்புக்கும் மாறாக மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரி 9-ந்தேதி தீர்ப்புக் கூறியது. நிறம் மாற்றுவது போன்ற சில்லறை மாற்றங்களுக்கு வழி உண்டு. அதையும் ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும்.

அதே ஆண்டில் சட்டமும் இறுகியது. அனுமதி இல்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்று 182-ஏ பிரிவு சொல்கிறது.

முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்பு மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. காரணம் உண்டு. மோதும்போது ஏர்பேக் சரியான நேரத்தில் விரிய அது இடைஞ்சல். நடந்து போகிறவர் மீது இடித்தால் அவர் கதி அதோகதி!

மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால், விபத்துப் பணம் கேட்கும்போது தகராறு வரும்.

நாயுடு பிரித்த மோட்டார் சைக்கிள்

"வண்டியைப் பிரிக்காமல் மெக்கானிசம் எப்படித் தெரியும்?" என்று கோவைக்காரர் கேட்பார். ரத்தத்திலேயே ஊறியது! மேம்பாலத்துக்குப் பெயர் தந்த ஜி.டி.நாயுடுவே அப்படித்தான்.

வெள்ளைக்கார ரெவினியூ அதிகாரி ஒருவரின் 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார் அவர். ஓட்டலில் வேலை பார்த்து 300 ரூபாய் சேர்த்து அதை வாங்கினார். அக்கு அக்காகப் பிரித்தார். மீண்டும் பூட்டினார்.

பிறகு என்ன செய்தார்? ஷெட்டில் வைத்துத் துடைத்துக்கொண்டு இருக்கவில்லை. 1920-ல் பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் தாமே ஓட்டினார்! பிரித்துக் கற்றது ரோட்டில் பயன்பட்டது.

ரிக் வண்டி தரும் பாடம்

இன்றும் கண்ணெதிரே ஆள் இருக்கிறார்கள். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு ரிக் வண்டிகளைப் பாருங்கள். லாரியின் சேசிஸ் மீது கம்ப்ரசரும் துளை போடும் எந்திரமும் ஏற்றுவார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் உண்டா?

ஆனால் எல்லாம் வேலைக்காக. பைப் ஏற்றிய துணை லாரியும் கூடவே போகும். அரிசி, பருப்பு, அடுப்பு, பாய், தண்ணீர் எல்லாம் வண்டியிலேயே. மத்தியப்பிரதேசம், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் போவார்கள். வண்டிக்குப் பக்கத்திலேயே சமையல், தூக்கம். முகாம் வாழ்க்கை என்றால் அதுதான்!

சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்குக் கல் ரோட்டில் ஏறும் வாடகை ஜீப்புகளும் அப்படியே. பெரும்பாலும் பழைய ஜீப்புகள். அலங்காரம் கிடையாது. ரோட்டின் ஒவ்வொரு கல்லும் மனப்பாடமான டிரைவர்தான் அங்கே பெரிய சாமான்.

பேரும் மாடு ஓட்டியவர்கள் தந்ததே!

வண்டியிலேயே சாமானைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராய்த் தங்கிப் போவதை 'ஓவர்லேண்டிங்' என்கிறார்கள். பெயர் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. அங்கே 19-ம் நூற்றாண்டில் மாட்டு மந்தைகளைச் சந்தைக்கு மாதக்கணக்கில் தரைவழியாக ஓட்டிப் போனவர்களை அப்படி அழைத்தார்கள்.

அட, இது நமக்குப் புதிதா? ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தைக்கு நம் பாட்டன்மார் வண்டி கட்டவில்லையா? அச்சுக்கு வண்டி மை, மாட்டுக்கு வைக்கோல், ஆளுக்குக் கட்டுச்சோறு. ராத்திரி வண்டிக்கு அடியிலேயே படுக்கை. கிளம்பும் நாள்தான் முதலில் முடிவாகும். அதற்குத் தக்கபடி சாமான் ஏறும். நாம் தலைகீழாகச் செய்கிறோம்!

முதல் முகாம் தோட்டத்தில்

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில் தேதியைக் குறியுங்கள். வண்டி கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கட்டும்.

கொங்கு நாட்டில் சொந்தத்தில் யாருக்காவது ஒரு தோட்டம் இருக்கும். பொள்ளாச்சியிலோ, உடுமலையிலோ, கோபியிலோ மாமன் தோட்டத்துச் சாளை பக்கம் ஒரு சனிக்கிழமை ராத்திரி தங்கிப் பாருங்கள். எது தேவை, எது வீண் என்று அந்த ஒரு ராத்திரி சொல்லிவிடும். விளக்கு வரிசை வேண்டாம், ஒரு டார்ச் போதும் என்று தெரியும். வாங்காமல் விட்ட தண்ணீர் கேன்தான் முக்கியம் என்றும் தெரியும்.

ஸ்டெப்னி, ஜாக்கி, பஞ்சர் சாமான், காற்றடிக்கும் சிறு பம்பு, இழுவைக் கயிறு, முதலுதவிப் பெட்டி, 20 லிட்டர் தண்ணீர். முதல் பயணத்துக்கு இது தாராளம். கல் ரோட்டில் டயர்க் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிமானம் கூடும். குலுக்கல் குறையும். காசில்லாத மாற்றம்! தார் ரோடு வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்றிவிட வேண்டும்.

இரண்டு மூன்று தடவை போய் வந்தபின் குறை ஏதாவது உறுத்தினால், அதை மட்டும் சட்டப்படி சரி செய்யுங்கள். ஒரு பயணம், பிறகு ஒரு சாமான். இந்த வரிசை தப்பக்கூடாது.

காட்டில் கூடாரம் கூடாது

ஒரு எச்சரிக்கை. வண்டி எங்கும் ஏறும் என்பதற்காகக் காட்டுக்குள் விடக்கூடாது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவதும் தங்குவதும் குற்றம்.

2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் கூடார முகாமில் தங்கிய ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். 2018 மார்ச்சில் தேனி குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் பலியானார்கள். யானைக்கும் தீக்கும் முன்னால் எந்த டயரும் உதவாது.

பரளிக்காடு, டாப்சிலிப் போன்ற இடங்களில் வனத்துறையே ஏற்பாடு செய்கிறது. முன்பதிவு செய்து போகலாம். நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. திம்பம் மலைப்பாதையில் ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2022 பிப்ரவரியில் இரவுத் தடை அமலானது. கார்களுக்கு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வழி இல்லை. விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

பல் பல்லாய்ப் போட்ட டயரில் அந்தப் பல் தேய வேண்டும். தேய்ந்தால்தான் போட்ட காசுக்கு மரியாதை. இந்தச் சனிக்கிழமை வண்டியை ஒர்க்ஷாப் பக்கம் திருப்பாதீர்கள். பொள்ளாச்சி ரோட்டில் திருப்புங்கள். பிள்ளையையும் ஏற்றிக்கொள்ளுங்கள்!